போன் எத்தனை மணிக்கு வீடு திரும்பும்?

நெருக்கடிக் காலத்தில் பாடம் நடத்துவது பற்றிப் பேச்சு வந்தால், எந்தச் செயலி நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பள்ளியைத் திடீரென்று மூட நேர்ந்த ஆசிரியர் யாராவது என்னிடம் இதைக் கேட்டால் நான் திருப்பி ஒன்று கேட்பேன்: உங்கள் மாணவர்கள் வீட்டில் இருக்கும் போன் மாலையில் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறது? பெரும்பாலும் பதில் வராது. பிள்ளையின் பிறந்த தேதி, ரத்த வகை, முகவரி எல்லாம் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். போன் யாருடையது, யார் கையில் எந்நேரம் இருக்கும் என்பது மட்டும் இருக்காது.

நான் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு சொல்லிக்கொடுப்பவள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது உலகம் முழுக்க 190க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்டில் முடங்கினார்கள் என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை இன்னொரு எண்ணைச் சொன்னது. குறைந்தது 46.3 கோடிப் பிள்ளைகளை, அதாவது மூன்றில் ஒருவரை, இணையம், தொலைக்காட்சி, வானொலி எதன் வழியாகவும் பாடம் போய்ச் சேரவில்லை. மூன்றில் ஒருவர் என்றால் வகுப்பறையில் ஒரு வரிசை பெஞ்சு முழுவதும் காலி. செய்தியாகப் படிக்கும்போது அது வெறும் எண். வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் பெயராகத் தேடியபோதுதான் அந்த வரிசையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது எங்களுக்கு உறைத்தது.

ஆகவே முதலில் செய்தது பாடமல்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுப் பேசினோம். கேட்டது நான்கே விஷயம். போன் யாருடையது? பொத்தான் போனா, தொடுதிரையா? பிள்ளையின் கைக்கு எப்போது வரும்? அதை வேறு எத்தனை பேர் பகிர்கிறார்கள்? கிடைத்த பதில்களை ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினோம். ஊரடங்கு தளர்ந்ததும் அந்த நோட்டின் அருமை தெரிந்தது. காலையில் போன் அப்பாவின் சட்டைப் பையில் ஏறி வேலைக்குப் போய்விடும். இரவு ஒன்பதுக்குத் திரும்பும். மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மூத்தவனுக்குத் தேர்வு என்பதால் போன் அவனுக்கே. ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு வாய்ப்பு வரும்போது மணி பத்தாகியிருக்கும், சார்ஜும் தீர்ந்திருக்கும். இப்படிப்பட்ட வகுப்புக்குக் காலை பத்து மணிக்கு நேரலை என்று அட்டவணை போட்டால், அது யாருக்கான அட்டவணை?

போட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தினமும் நாலு மணி நேரம் திரையில் ஆசிரியர் தெரிய வேண்டும், அதுதான் பள்ளி நடப்பதற்கு அடையாளம் என்று நினைத்தவர்கள் பலர். கட்டணம் கட்டும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது. திரையில் ஆசிரியர் தெரிந்தால் ஏதோ நடக்கிறது என்ற நிம்மதி. வருகைப் பதிவும் எளிது: பெயர் திரையில் இருக்கிறதா, வந்தாயிற்று. பெயர் மட்டும் வகுப்பில் இருந்து, ஆள் கொல்லைப்புறத்தில் விளையாடிக்கொண்டிருந்த கதைகள் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் கிடைக்கும்.

நேரலை வகுப்பின் தொல்லைகளில் இரண்டுதான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று டேட்டா. பலர் சேர்ந்த ஒரு மணி நேரக் காணொலி அழைப்பு ஏறக்குறைய ஒரு ஜி.பி.யைத் தின்றுவிடும். அதே பாடத்தை ஐந்து நிமிடக் குரல் பதிவாக அனுப்பினால் ஓரிரு எம்.பி.க்குள் அடங்கும். மாதக் கடைசியில் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். அடுத்த ரீசார்ஜ் ஆனதும் திரும்பி வருவார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று எழுதிவைத்த ஆசிரியர்களும் உண்டு. இரண்டாவது, முகங்களை ஒரே சட்டத்துக்குள் நெருக்கமாகப் பார்த்துக்கொண்டே இருப்பதன் அலுப்பு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் இதற்குக் காரணங்களை விளக்கினார்: இடைவிடாத நெருக்கமான கண்பார்வை, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை செலவிடும் கூடுதல் உழைப்பு. பெரியவர்களுக்கே இந்தக் கதி. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நாலு மணி நேரம் இதில் உட்காரவைத்தால் என்ன ஆகும்?

அதனால் எங்கள் வகுப்பில் காணொலியைக் கடைசிப் படியில் வைத்தோம். முதல் படி, எந்தப் போனிலும் வரும் எஸ்.எம்.எஸ். கேள்வி. இரண்டாம் படி, குரல் பதிவும் நோட்டுப் பக்கத்தின் ஒரு புகைப்படமும். மூன்றாவது, தேவைப்பட்டால் மட்டும், சின்னக் காணொலி. சின்னது என்பதற்கு ஓர் அளவும் கையில் இருந்தது. எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் பதிவான லட்சக்கணக்கான பார்வைகளை ஃபிலிப் குவோவும் மற்றவர்களும் ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவு அது: காணொலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் அதில் ஊன்றியிருப்பது பொதுவாக ஆறு நிமிடத்துக்கு மேல் போவதில்லை. அதற்கு மேல் பேச ஆசை வந்தால் அது ஆசிரியரின் ஆசை, மாணவரின் தேவை அல்ல. என் ஆசையை அடக்குவதற்குக் கொஞ்சம் பயிற்சி தேவைப்பட்டது.

குரல் பதிவில் ஒரு நுணுக்கம் உண்டு. கணக்கைக் குரலில் மட்டும் சொன்னால் விளங்காது. "நோட்டில் ஒரு செவ்வகம் வரை. வரைந்துவிட்டாயா? இப்போது இதை நிறுத்திவிட்டு வரை. பிறகு மறுபடி கேள்" என்று நடுவில் வேலை கொடுக்க வேண்டும். கேட்பவரின் கையை நோட்டில் வைக்காத பதிவு வானொலி நாடகம் ஆகிவிடும். தூங்கவைக்க அது உதவும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பாடத்தை அனுப்புவது தொழில்நுட்பத்துக்கு மிக எளிது. ஒரு பொத்தானைத் தட்டினால் நாற்பது வீடுகளுக்கு ஒரே நொடியில் போய்விடும். பாதிப் பிரச்சினை அங்கேதான். போய்விட்டது என்பதையே கற்றுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளும் மயக்கம் வருகிறது. இரண்டு நீலக் குறிகள் விழுந்தால் பாடம் முடிந்ததாக அர்த்தமில்லை. பிள்ளையிடமிருந்து ஏதாவது திரும்பி வர வேண்டும். அதுவும் அந்தப் பிள்ளையிடமிருந்தே வர வேண்டும்.

வீட்டுப்பாடப் புகைப்படங்கள் வரத் தொடங்கிய காலத்தில் இதைக் கண்ணெதிரே பார்த்தோம். ஒரே நாளில் பல பேரிடமிருந்து அச்சு அசலாக ஒரே விடை. கையெழுத்து வேறு வேறாக இருந்தால்கூட மனம் ஆறும். சில படங்களின் மேலே முன்னனுப்பப்பட்டது (ஃபார்வர்டட்) என்ற சின்னக் குறி அப்படியே இருந்தது! ஒரு படத்தில் நோட்டின் ஓரத்தைப் பிடித்திருந்த கட்டைவிரலில் மருதாணி. அனுப்பியவனோ பையன். சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படம் அனுப்பு என்றுதான் கேட்டோம், அவன் படம் அனுப்பினான். கேள்வியை மாற்றுவதுதான் வழி.

மாற்றினோம். விடையைப் படமெடுக்க வேண்டாம். எப்படிச் செய்தாய் என்பதை ஒரு நிமிடம் பேசி அனுப்பு. எல்லோருக்கும் ஒரே கணக்கு வேண்டாம். உன் வீட்டுக் கதவின் நீளம் அகலத்தை அளந்து பரப்பளவு சொல், உன் வயதையும் வீட்டில் மூத்தவரின் வயதையும் விகிதமாக எழுது. இவற்றை அடுத்தவரிடமிருந்து வாங்கி அனுப்ப முடியாது. குரல் பதிவுகள் வந்தபோது பின்னணியில் பாத்திரம் உருளும், குழந்தை அழும், "அடுத்து என்ன சொல்லணும்" என்று அக்காவிடம் கிசுகிசுப்பது கேட்கும். அந்த நிமிடத்தில் பிள்ளைக்கு எங்கே இடிக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். அரைப் பக்க விடைத்தாளில் அது தெரிவதில்லை.

பொத்தான் போன் வீடுகளுக்கு இதுவும் எட்டாது. அவர்களுக்கு நேரே அழைப்புதான். அப்படி ஓர் இரவு ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் பேசியது அப்படியே நினைவிருக்கிறது.

"1/2உடன் 1/3ஐக் கூட்டினால் என்ன வரும்?"

"2/5, டீச்சர்."

"சரி, நோட்டில் ஒரே அளவில் இரண்டு பட்டை வரை. ஒன்றை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை நிழலிடு. இன்னொன்றை ஐந்தாகப் பிரித்து இரண்டு பங்கை நிழலிடு. எது பெரிது?"

கொஞ்ச நேரம் பென்சில் உரசும் சத்தம். "அரைதான் பெரிது, டீச்சர்."

"உன்னிடம் அரை இருந்தது. அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தாய். சேர்த்த பிறகு எப்படி அரையைவிடக் குறைந்தது?"

மறுமுனையில் பேச்சே இல்லை. அழைப்பு துண்டித்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு ஒரு சிரிப்பு. "அப்படியென்றால் தப்பு, டீச்சர். இருங்கள், ஆறாகப் பிரிக்கிறேன்."

இந்த உரையாடலுக்குச் செயலி தேவைப்படவில்லை. ஆனால் ஒரு தொலைபேசியும் ஒரு கேள்வியும், பதிலுக்காகக் காத்திருக்கும் பொறுமையும் தேவைப்பட்டன. தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டுவது உலகமெங்கும் பிள்ளைகள் செய்யும் தவறு. வகுப்பறையில் அதைப் பலகையில் திருத்திவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். போனில் பலகை இல்லாததால், அவனே கண்டுபிடிக்கும்வரை நிற்க வேண்டியதாயிற்று.

என் அனுபவம் மட்டும் இதைச் சொல்லவில்லை. 2020இல் ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது நோம் ஆங்ரிஸ்ட் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். சில குடும்பங்களுக்கு வாரந்தோறும் எஸ்.எம்.எஸ்.சில் கணக்குகள் மட்டும். வேறு சில குடும்பங்களுக்கு எஸ்.எம்.எஸ்.சுடன் கால் மணி, இருபது நிமிடத் தொலைபேசி அழைப்பும். குறுஞ்செய்தி மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. அழைப்பும் சேர்ந்து பெற்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். பின்னர் இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளிலும் இதைச் செய்து பார்த்து, பலன் உண்டு என்று உறுதிசெய்தார்கள். கருவி இரண்டிலும் அதே சாதாரணப் போன். ஒன்றில் பதில் கேட்க ஆள் இருந்தார்; இன்னொன்றில் கிணற்றில் போட்ட கல்.

இது புதிதும் அல்ல. 1937 செப்டம்பரில் சிகாகோ நகரில் போலியோ பரவியதால் பள்ளி திறப்பது தள்ளிப்போனது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வானொலியில் கால் மணி நேரப் பாடங்கள் ஒலிபரப்பினார்கள். காலைச் செய்தித்தாள்களில் அன்றைய பாட அட்டவணையும் கேள்விகளும் அச்சாயின. எனக்குப் பிடித்தது அதோடு சேர்ந்து செய்த இன்னொரு வேலை: பெற்றோர் கூப்பிட்டுக் கேட்க ஆசிரியர்களைத் தொலைபேசியில் உட்காரவைத்தது. அழைப்புகள் குவிந்து, மேலும் ஆட்களைச் சேர்க்க வேண்டிவந்ததாம். வானொலி பேசும், கேட்காது. அந்தக் குறையைத் தொலைபேசி வைத்து அடைக்க வேண்டும் என்று அப்போதே அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் 2014-15 எபோலா காலத்தில் பல மாதங்கள் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது வானொலிப் பாடங்கள் நடந்தன. 2020இல் கோவிட் வந்ததும் அதே வழியை அவர்களால் விரைவில் மறுபடி தொடங்க முடிந்தது. முன்பே ஒருமுறை செய்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இணையமும் கணினியும் தாராளமாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? நெதர்லாந்தில் அகலப்பட்டை இணையம் இல்லாத வீடு அரிது; 2020 முதல் அலையில் பள்ளிகளும் எட்டு வாரம்தான் மூடியிருந்தன. தேசியத் தேர்வு மதிப்பெண்களை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பெர் எங்செல் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இழந்தது ஏறத்தாழ ஒரு கல்வியாண்டின் ஐந்தில் ஒரு பங்கு என்கிறது. ஐந்தில் ஒரு பங்கு என்றால் கிட்டத்தட்ட மூடியிருந்த காலம் அவ்வளவும். அதாவது வீட்டிலிருந்து படித்த நாட்களில் சராசரிப் பிள்ளை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு இன்னும் கூடுதல். கருவியைக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ள நினைக்கும் அதிகாரிகள் இதை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

பெற்றோர் படிக்காதவர் என்றால் உதவ முடியாது என்பதையும் நான் ஏற்பதில்லை. வகுப்பில் ஒரு பெண்ணின் தாய், எழுத்துக் கூட்டிப் படிக்கவும் சிரமப்படுபவர். "எனக்கு ஒன்றும் தெரியாது, டீச்சர், நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்றார். சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்றேன். இரவில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேளுங்கள். எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல் என்று இரண்டு தரம் சொல்லுங்கள். புரியவில்லை என்பது அவருக்கு உண்மையாகவே வரும் வசனம் என்பதால் நடிக்கவும் வேண்டியதில்லை. அந்தப் பெண் பிறகு அனுப்பிய குரல் பதிவுகளில் தயக்கம் குறைந்திருந்தது. இதற்குப் பின்னால் உள்ள சூட்சுமம் உளவியலில் நன்றாக நிறுவப்பட்டது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006இல் காட்டியது: திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து அதிகம் ஒப்பித்தார்கள், நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். காணொலியை நான்காம் முறை ஓட்டிப் பார்ப்பதைவிட, போனை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவிடம் சொல்லிப் பார்ப்பது மேல்.

திரை சிலருக்கு நன்மையும் செய்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் இரவில் நீண்ட நீண்ட குரல் பதிவுகளாக அனுப்பத் தொடங்கினாள். முப்பது பேர் திரும்பிப் பார்க்கும் பயம் இல்லை. தப்பாகச் சொன்னால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். அவளிடம் இவ்வளவு கேள்விகள் இருந்தன என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. திக்கிப் பேசும் ஒரு பையனுக்கும் இதே நிம்மதி கிடைத்தது. நேரடி வகுப்புகள் தொடங்கிய பிறகும் குரலில் கேள்வி அனுப்பும் வழக்கத்தை நான் நிறுத்தவில்லை. தொழில்நுட்பம் வகுப்பறைக்கு மாற்றாக வருவதைவிட, வகுப்பறை யாரை விட்டுவிடுகிறதோ அவரைப் பிடிக்கும் இடத்தில்தான் எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

வாட்ஸ்அப் குழு பற்றி எச்சரிக்கையாக ஒன்று. நாற்பது வீட்டு எண்களை ஒரே குழுவில் போட்டால் நாற்பது பேருக்கும் எல்லா எண்களும் தெரிந்துவிடும். பெண் பிள்ளைகள் வீட்டில் இதற்கு எதிர்ப்பு வந்தால் அது நியாயமான எதிர்ப்பு. ஒளிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) வசதியில் அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச்சேரும் என்பதால், முதல் அழைப்பிலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்ல வேண்டும். இன்னொரு பலன்: காலை வணக்கப் பூக்களும் வதந்திகளும் பாடத்தின் மேல் வந்து குவியாது. எத்தனை கணக்குகள் அந்தப் பூக்களின் அடியில் புதைந்தன என்பதற்குக் கணக்கில்லை.

இலவசம் என்று வரும் கல்விச் செயலிகளையும் கண்ணை மூடிக்கொண்டு இறக்கக் கூடாது. பல நாட்டு அரசுகள் பெருந்தொற்றின்போது பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்து 2022 மே மாதம் வெளியிட்டது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது, குழந்தைகளின் தகவல்களை அவர்களது உரிமைக்குப் பாதகமாகக் கையாண்டவை. அவசரத்தில் பரிந்துரைத்தவர்கள் இதைப் பார்க்கவில்லை. இருப்பிடம், தொடர்புகள், புகைப்படங்கள் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கும் பெருக்கல் வாய்ப்பாட்டுச் செயலியைப் பார்த்தால் எனக்கு ஒரே கேள்வி: ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சொல்ல என் இருப்பிடம் எதற்கு?

பெருந்தொற்றில் மின்சாரமாவது இருந்தது. புயல், வெள்ளம், நிலநடுக்கம், போர் வந்தால் முதலில் போவதே அதுதான். உக்ரைனில் கோவிட் காலத்தில் உருவான தேசிய இணையவழிப் பள்ளி, 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது. அந்த ஆண்டின் கடைசியில் வந்த குளிர்காலத்தில் மின் நிலையங்கள் தாக்கப்பட்டு மணிக்கணக்கில் மின்சாரம் போனபோது இணைய வகுப்பும் அறுந்தது. கார்கிவ் நகரில் 2023 செப்டம்பரில் மெட்ரோ ரயில் நிலையங்களுக்குள் வகுப்பறைகள் அமைத்தார்கள். இணைய வசதிக்குப் பழகிய ஒரு நகரமே, பிள்ளைகள் ஒன்றாக உட்கார வேண்டும் என்று பூமிக்கடியில் இடம் தேடியது.

இதையெல்லாம் கேட்ட பிறகு எங்கள் ஆயத்தம் இரண்டு நிலையில் இருக்கிறது: இணையம் உள்ள நெருக்கடி, இணையம் இல்லாத நெருக்கடி. இரண்டாவதற்கு வாரப் பாடங்களை மெமரி கார்டில் ஏற்றி வைத்திருக்கிறோம். கோப்பின் பெயரே வாரமும் கிழமையும். புதன் கிழமைப் பாடம் எது என்று தேட வேண்டியதில்லை. பெரிய பி.டி.எஃப். கோப்புகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்துவிட்டோம், பழைய போன்கள் அவற்றைத் திறக்கத் திணறுகின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் அச்சிட்ட பயிற்சித் தாள்கள் ஒரு கட்டு. ஆசிரியர் போனில் மட்டும் எண்கள் இருந்தால் அந்தப் போன் நனைந்த அன்று வகுப்பே தொலைந்துவிடும் என்பதால், எண்களின் பட்டியல் காகிதத்திலும் உண்டு, வேறொரு ஆசிரியர் வீட்டிலும் உண்டு. பருவத்துக்கு ஒருமுறை, பள்ளி நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே, ஒருநாள் ஒத்திகை வைக்கிறோம். அன்று பிள்ளைகள் வீட்டிலிருந்து பதில் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் சில எண்கள் உயிரோடில்லை என்று தெரியவரும்.

பள்ளி திறந்ததும் செய்யக் கூடாத ஒன்று உண்டு: விட்ட பாடத்தைப் பிடிக்க ஓடுவது. இணைய வகுப்பில் முழு வருகை வைத்திருந்த பிள்ளைகளில் சிலருக்கே வகுத்தல் மறந்திருந்தது. முதல் சில வாரங்களுக்கு வகுப்பு எண்ணை மறந்துவிட்டு, யாருக்கு எதுவரை தெரியும் என்று ஐந்து நிமிட வாய்மொழிச் சோதனையில் பார்த்து, அதன்படி குழு பிரித்தோம். எட்டாம் வகுப்புப் பையன் ஆறாம் வகுப்பு பின்னக் கணக்கோடு உட்கார்ந்தால் கூச்சப்படுவான் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். புரியாத கணக்கின் முன் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய கூச்சம் எது? போனில் பேசிய காலத்துக் குறிப்புகள் இங்கே உதவின. யார் எங்கே நின்றார்கள் என்று நோட்டில் இருந்தது.

இப்போது பிள்ளைகள் கையில் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. கணக்கைப் படமெடுத்தால் விடையும் வரும், படிப்படியான வழியும் வரும், கையெழுத்தில் எழுதிய மாதிரிகூட வரும். அடுத்த முறை பள்ளி மூடினால் முன்னனுப்பப்பட்டது என்ற குறிகூட இருக்காது. இதைத் தடுக்கும் மென்பொருள் தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை. இயந்திரம் தந்த வழியை அனுப்பு, அதில் மூன்றாம் வரி ஏன் அப்படி வந்தது என்று உன் குரலில் சொல் என்று கேட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். சிலர் அழகாகச் சொல்கிறார்கள். சிலர் அந்த விளக்கத்தையும் இயந்திரத்திடம் எழுதி வாங்கி வாசிக்கிறார்கள். வாசிப்பது குரலில் தெரிந்துவிடுகிறது. அவர்களை மட்டும் இரவில் கூப்பிடுகிறேன்.